மொனார்க் பட்டாம்பூச்சி: செடி நட்டால் மட்டும் போதுமா?

மொனார்க் பட்டாம்பூச்சி பற்றி வரும் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்குத் தலை சுற்றும். 2022 ஜூலையில் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் 'அருகிய இனம்' என்று சேர்த்தார்கள், அடுத்த வருடமே ஒரு படி இறக்கி 'அழிவாய்ப்பு இனம்' என்றார்கள். கலிஃபோர்னியாவில் 2020-ல் இரண்டாயிரம்கூடத் தேறவில்லை, மறு வருடம் இரண்டரை லட்சத்தை நெருங்கியது, 2024-ல் திரும்பவும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். இதற்கு நடுவில் "அதன் புழு தின்னும் மில்க்வீட் செடியை வீட்டுக்கு வீடு நடுங்கள்" என்று ஒரு சாரார், "கண்டபடி நட்டுக் கெடுக்காதீர்கள்" என்று இன்னொரு சாரார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்கு அந்தப் பூச்சியின் பயணத்தில் வேறு வேறு இடத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், அதுதான் குழப்பத்துக்குக் காரணம். மக்கள் செய்யும் உதவி எங்கே பலிக்கிறது, எங்கே கெடுதலாகிறது என்பதும் அந்த இடத்தைப் பொறுத்ததுதான்.

ஆபத்து பூச்சிக்கா, பயணத்துக்கா?

மொனார்க் வட அமெரிக்காவில் மட்டும் இருக்கும் பூச்சி கிடையாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹவாய், ஸ்பெயின் என்று பல இடங்களில் பரவி, அங்கேயே தங்கி, அங்கேயே பெருகுகிறது. ஆகவே உலகத்திலிருந்தே நாளைக்கு மறைந்துவிடும் என்று யாராவது எழுதினால் அதை நம்ப வேண்டாம். ஐயூசிஎன் மதிப்பிட்டது வட அமெரிக்காவில் வலசை போகும் கூட்டத்தை மட்டும்தான். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் கிளம்பி மெக்சிகோ மலைக்கோ கலிஃபோர்னியக் கடற்கரைக்கோ போகிற அந்தப் பயணம் நின்றுபோகலாம் என்பதே கவலை.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சொந்தக்காரர் உண்டு. எருக்கஞ்செடியைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் நிதானமாகப் பறக்குமே வெந்தய வரியன், அதுவும் மொனார்க்கும் டனாஸ் என்ற ஒரே பேரினம். எருக்கும் மில்க்வீடும் ஒரே குடும்பம். இரண்டையும் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால், ஒருமுறை கொத்திய பறவை வாந்தி எடுத்துவிட்டு அப்புறம் அந்த நிறத்தின் பக்கமே வராது.

பயணம் எப்படி நடக்கிறது?

இது புரியாமல் மேலே போனால் எதுவும் புரியாது. ராக்கி மலைக்குக் கிழக்கே இருக்கும் கிழக்குக் கூட்டத்தின் ஒரு வருடம் இப்படி ஓடுகிறது:

1. மார்ச்சில் மெக்சிகோ மலையிலிருந்து கிளம்புபவை டெக்சாஸ் பக்கம் வந்து, அப்போதுதான் துளிர்க்கும் மில்க்வீட் இலைகளில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

2. அவற்றின் பிள்ளைகள் வடக்கே போகும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி ஆக ஏறக்குறைய ஒரு மாதம், ஆன பிறகு இரண்டிலிருந்து ஐந்து வாரம் ஆயுள். இப்படியே இரண்டு மூன்று தலைமுறை, கனடாவின் தென்பகுதி வரை. புழு தின்பது மில்க்வீட் இலை மட்டும்தான், வேறு எதை வைத்தாலும் தொடாது.

3. ஆகஸ்ட் கடைசியில் பிறக்கும் தலைமுறையின் சங்கதியே வேறு. பகல் குறைவதையும் இரவு குளிர்வதையும் உணர்ந்து இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, எட்டு ஒன்பது மாதம் வரை உயிரோடு இருக்கும். சூரியனின் திசையையும் உணர்கொம்பில் உள்ள உயிர்க்கடிகாரத்தையும் வைத்து வழி பிடித்து, போகாத ஊருக்கு 4,000 கிலோமீட்டர்வரை பறக்கும். வழிநெடுக இதற்கு வேண்டியது மில்க்வீட் இல்லை, தேன். பூ.

4. நவம்பர் தொடக்கத்தில், மெக்சிகோவில் இறந்தோர் நாள் கொண்டாடும் நேரத்தில், மிச்சோவாக்கான், மெக்சிகோ என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் உள்ள மலைக்காட்டில் இறங்கும். செத்துப்போன பெரியவர்களின் ஆன்மா வருகிறது என்பது அங்கே பழைய நம்பிக்கை. வெளியுலகத்துக்கு அந்த இடம் தெரிந்தது 1975-ல்தான். டொரண்டோவைச் சேர்ந்த ஃப்ரெட் ஊர்க்கார்ட், நோரா தம்பதியினர் இறக்கையில் சீட்டு ஒட்டிப் பல வருடம் தேடிய தேடலின் முடிவு அது. மலையடிவாரத்துக்காரர்களுக்கு அது எப்போதும் தெரிந்த விஷயம்.

ராக்கி மலைக்கு மேற்கே இருப்பவை பெரும்பாலும் கலிஃபோர்னியக் கடலோரத் தோப்புகளுக்குப் போகும். தூரம் குறைவு, சிக்கல் குறைவில்லை.

எண்ணிக்கை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

மெக்சிகோவில் யாரும் பூச்சியை எண்ணுவதில்லை. பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும் மரங்கள் எவ்வளவு பரப்பில் இருக்கின்றன என்று அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கு மேல். 2013-14-ல் 0.67 ஹெக்டேர். 2018-19-ல் 6.05-க்கு ஏறியது, 2023-24-ல் 0.9, அடுத்த வருடம் 1.79. கடைசி இரண்டை மட்டும் வைத்து 'இரு மடங்கானது' என்று தலைப்புப் போடலாம், தப்பும் இல்லை. ஆனால் 18-ஐப் பக்கத்தில் வைக்காமல் அந்தத் தலைப்புக்கு அர்த்தம் இல்லை. கூட்டம் ஓரளவு தாக்குப்பிடிக்க 6 ஹெக்டேர் வேண்டும் என்பது அமெரிக்க அரசு 2015-ல் வைத்த இலக்கு.

கலிஃபோர்னியாவில் தன்னார்வலர்களே எண்ணுகிறார்கள், 1997-லிருந்து ஒவ்வொரு நவம்பரிலும். வெயில் ஏறுவதற்கு முன்பே தோப்புக்குப் போய்விட வேண்டும். குளிரில் இறக்கையை மூடிக்கொண்டு யூகலிப்டஸ் கிளையில் கொத்தாகத் தொங்கும்போது பார்த்தால் காய்ந்த சருகுக் கொத்து மாதிரியே இருக்கும், புதிதாக வருபவர்கள் சருகைப் பூச்சியென்றும் பூச்சியைச் சருகென்றும் எழுதிவிடுவது உண்டு. அதனால் இரண்டு பேராக எண்ணி ஒப்பிடுகிறார்கள். ஒரு சிறு பகுதியில் எத்தனை என்று பார்த்து, அது போல் எத்தனை பகுதி என்று பெருக்குவது முறை. 1997-ல் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது இந்தக் கணக்கில்தான் தெரிந்தது. சம்பளமில்லாத ஆட்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்த கணக்கு இல்லையென்றால் இன்று 'குறைந்திருக்கிறது' என்று சொல்லவே ஆதாரம் இருந்திருக்காது.

ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வசந்தம் நன்றாக அமைந்தால் ஒரே வருடத்தில் பல மடங்காகும், வறட்சியோ புயலோ வந்தால் சரியும். பிரச்சினை இந்த ஏற்ற இறக்கத்தில் இல்லை. கூட்டம் சிறுத்திருக்கும்போது ஒரு மோசமான புயல் வந்தால் மீள முடியாமல் போகும், அதுதான் பயம். 2002 ஜனவரியில் மெக்சிகோ மலையில் மழையும் உறைபனியும் அடுத்தடுத்து வந்து முக்கிய இடங்களில் முக்கால்வாசிப் பூச்சிகள் ஒரே வாரத்தில் செத்து விழுந்தன. அப்போது கூட்டம் பெரியது, மிச்சம் இருந்தது.

ஏன் குறைந்தன?

1. களைக்கொல்லி. 1996-ல் களைக்கொல்லியைத் தாங்கும் சோயாபீன்ஸ், இரண்டு வருடத்தில் அதே போல் மக்காச்சோளம். அதற்கு முன்பு அயோவா, இல்லினாய் வயல்களில் வரப்புக்கு வரப்பு மில்க்வீட் முளைத்துக் கிடக்கும், விவசாயி எவ்வளவு உழுதாலும் வேரிலிருந்து திரும்ப வரும். கிளைபோசேட் என்ற அந்தக் களைக்கொல்லி வேரையே கொன்றது. 1999-க்கும் 2010-க்கும் நடுவில் அந்த மத்திய மேற்குப் பகுதியில் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள்.

2. காடு. மெக்சிகோவில் மரம் வெட்டு. இதைத் தனியாகப் பார்ப்போம்.

3. வானிலை. டெக்சாஸில் வசந்தம் அதிக வெப்பமாகவோ வறட்சியாகவோ போனால் முதல் தலைமுறையே தேறாது. 2004-லிருந்து 2018 வரையான தரவைப் பார்த்த ஓர் ஆய்வு, அந்தக் காலத்தில் மற்ற காரணங்களைவிட இனப்பெருக்கப் பகுதியின் வானிலைக்குத்தான் பங்கு அதிகம் என்றது.

4. பூச்சிக்கொல்லி. 2024 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் பசிபிக் குரோவ் சரணாலயத்துக்குப் பக்கத்தில் இருநூறு பூச்சிகள்போலச் செத்தும் துடித்தும் கிடந்தன. சோதித்துப் பார்த்தால் ஒரு பூச்சிக்குச் சராசரியாக ஏழு வகை மருந்து, அதில் பைரித்ராய்டு வகைகள் கொல்லும் அளவை ஒட்டியே இருந்தன. அது வயல்காடு இல்லை, ஊர்.

விஞ்ஞானிகளுக்குள் இதில் ஒத்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடையில் எடுக்கும் கணக்கில் பூச்சிகள் பெரிதாகக் குறையவில்லை, மெக்சிகோவுக்கு வந்து சேர்வதில்தான் விழுகிறது என்று ஒரு தரப்பு விடாமல் சொல்கிறது. அப்படியானால் தவறு நடப்பது இலையுதிர் காலப் பாதையில். மில்க்வீடைவிடச் செப்டம்பர், அக்டோபரில் பூக்கும் பூதான் முக்கியம். இன்னொரு தரப்பு, வயல் மில்க்வீட் போனதே முதல் அடி, கோடைக் கணக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் வயலுக்குள் போகாமல் எண்ணுகிறார்கள் என்கிறது. எனக்குப் பட்டதைச் சொன்னால், நடுகிறவருக்கு இந்தச் சண்டை அவ்வளவு முக்கியமில்லை, இரண்டையும் சேர்த்து நடலாம். பணம் ஒதுக்குகிற அரசுக்குத்தான் முக்கியம்.

மலையில் இருப்பவர்கள் கொடுக்கும் விலை

பத்திரிகைப் படங்களில் குறைவாக வருவதும், எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவதும் மெக்சிகோ கிராமங்களின் பங்கு.

பூச்சிகள் தங்குவது கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், ஓயமேல் என்ற ஊசியிலை மரக்காட்டில். நெருக்கமான கிளைகள் இரவில் போர்வை போல வெப்பத்தைப் பிடித்து வைக்கும், மழையில் குடை போல நனையாமல் காக்கும். நனைந்த பூச்சி, நனையாததைவிடக் குறைந்த குளிரிலேயே உறைந்து சாகும். அதனால் காட்டை மொத்தமாக அழிக்கக்கூட வேண்டாம், நடுநடுவே மரத்தை உருவினாலே போதும், போர்வையில் ஓட்டை விழுந்துவிடும்.

அந்தக் காடு பெரும்பாலும் அரசு நிலம் இல்லை. எஹிதோ என்று சொல்லப்படும் கிராமப் பொதுநிலச் சபைகளுக்கும் மசாவா, ஓட்டோமி பழங்குடிச் சமூகங்களுக்கும் சொந்தம். 2000-ல் அரசு காப்பகத்தை 56,259 ஹெக்டேராக விரித்து, அதன் மையப் பகுதியில் மரம் வெட்டத் தடை போட்டபோது, அவர்களுடைய சொந்த மரத்தைத்தான் வெட்டாதே என்று சொன்னது. ஈடாக அதே வருடம் ஒரு நிதியம் அமைத்தார்கள்: வெட்டும் உரிமத்தை விட்டுக்கொடுத்ததற்கும், காட்டைக் காவல் காப்பதற்கும் சபைகளுக்குப் பணம். தொகை பெரிதில்லை, எல்லாச் சபைகளும் மையப் பகுதிக்குள் வரவும் இல்லை, மனக்கசப்பு இருந்தது, இருக்கிறது. ஆனாலும் 2000-களின் நடுவில் உச்சத்தில் இருந்த பெரிய அளவுத் திருட்டு வெட்டு அதற்கப்புறம் வெகுவாகக் குறைந்தது. ஊர்க்காரர்களே முறைவைத்து இரவில் காவல் சுற்றுகிறார்கள், நாற்றுப்பண்ணை வைக்கிறார்கள், எல் ரொசாரியோ போன்ற இடங்களில் வழிகாட்டி வேலையும் குதிரையும் சாப்பாட்டுக் கடையும் நவம்பர் முதல் மார்ச் வரை வருமானம்.

இந்தக் காவல் வேலை ஆபத்தானது. எல் ரொசாரியோ சரணாலயத்தை நடத்திய ஒமேரோ கோமெஸ் மரம் வெட்டும் குடும்பத்திலிருந்து வந்தவர், பிறகு வெட்டுக்கு எதிராக ஊரைத் திரட்டியவர். 2020 ஜனவரியில் காணாமல்போய், இரண்டு வாரம் கழித்துக் கிணற்றில் பிணமாகக் கிடைத்தார். அடுத்த சில நாட்களில் அங்கே வழிகாட்டியாக இருந்த இன்னொருவரின் உடலும் கிடைத்தது.

இப்போது புதுப் பிரச்சினை: மலை சூடாகிறது, ஓயமேல் மரம் இருக்கும் உயரத்திலேயே வாடுகிறது. மேலே நகர வேண்டிய காட்டுக்கு மலை உச்சி முடிந்துவிடுகிறது. அதனால் காப்பகத்துக்கு வெளியே, நெவாதோ தே தொலூக்கா எரிமலைச் சரிவில், 3,400 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் ஓயமேல் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். ஆய்வாளர் குவாத்தெமோக் சாயென்ஸ் ரோமேரோவின் குழுவும் கலிமாயா என்ற ஊரின் பழங்குடி மக்களும் சேர்ந்து செய்த வேலை. வெட்டவெளியில் நட்டால் வெயிலும் பனியும் கொன்றுவிடும், அதனால் ஏற்கெனவே இருக்கும் புதரின் நிழலில் ஒவ்வொரு கன்றாக நடுகிறார்கள். பூச்சி அந்த இடத்தை ஏற்குமா என்பது கன்று மரமான பிறகுதான் தெரியும்.

மில்க்வீட் நடுவது: எங்கே சரி, எங்கே தப்பு

அமெரிக்காவின் மத்திய மேற்கில் மட்டும் இன்னும் 180 கோடி மில்க்வீட் தண்டுகள் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. தோட்டத்தில் நாலு செடி வைத்து எட்டுகிற எண் இல்லை இது. வயலோரம், நெடுஞ்சாலை ஓரம், மின்கம்பிக்குக் கீழுள்ள நிலம் எல்லாம் வேண்டும். டெக்சாஸிலிருந்து மினசோட்டா வரை ஓடும் ஐ-35 நெடுஞ்சாலையை ஒட்டி ஆறு மாநிலங்கள் 2016-ல் ஒப்பந்தம் போட்டதும், 2020-ல் மின், சாலை நிறுவனங்கள் சேர்ந்த உடன்பாடும் இதற்காகத்தான். பெரும்பாலும் அவர்கள் செய்ய வேண்டியது புல் வெட்டும் தேதியை மாற்றுவது மட்டும்தான். அதற்காக நகரத்தை விட்டுவிடவும் முடியாது: வேண்டிய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வரை நகரப் பகுதிகளில் கிடைக்கலாம் என்று சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992-ல் தொடங்கிய மொனார்க் வாட்ச், 2005-லிருந்து 'வழித்தங்கல்' என்று வீட்டுத் தோட்டங்களைப் பதிவு செய்கிறது: நல்ல வெயில் படும் இடம், பத்துச் செடிக்குக் குறையாமல் மில்க்வீட், கூடவே தேன் பூக்கள். ஒன்டாரியோ மாகாணம் 2014-ல் மில்க்வீடைத் தீய களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அதுவரை வளர்த்தால் பிடுங்கச் சொல்லலாம்.

இனி, நடுகிறவர்கள் தடுமாறும் இடங்கள்:

1. அந்தந்த ஊர்ச் செடி. கடையில் எளிதாகக் கிடைப்பது வெப்பமண்டல மில்க்வீட், சிவப்பும் மஞ்சளுமாக அழகாகப் பூக்கும், நம் மலைப்பகுதிகளிலும் பரவியிருக்கிறது. டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியாவில் இது குளிர்காலத்திலும் வாடாது. அதனால் பூச்சிகள் பயணத்தை விட்டு அங்கேயே முட்டையிடுகின்றன, ஓஈ என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் அதே இலைகளில் சேர்ந்துகொண்டே போகின்றன. இலையைத் தின்னும் புழு நோயோடு வளர்ந்து, கசங்கிய இறக்கையோடு வெளியே வரும். ஏற்கெனவே வைத்திருந்தால் இலையுதிர் காலத்தில் அரை அடி உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்கிறார்கள்.

2. கடலோரத் தோப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். கலிஃபோர்னியக் கடலோரத்தில் பூச்சிகள் குளிர்காலம் தங்கும் தோப்பிலிருந்து 8 கிலோமீட்டருக்குள், அந்த இடத்தில் இயல்பாக இல்லாத பட்சத்தில், மில்க்வீட் நடக் கூடாது என்கிறது பூச்சிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் செர்செஸ் அமைப்பு. அங்கே அவை ஓய்வெடுக்க வருகின்றன. முட்டையிடத் தூண்டக் கூடாது. நல்லெண்ணத்தோடு செடி நடுவதில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான் என்று நினைக்கிறேன்.

3. கடைச் செடியில் மருந்து. 15 மாநிலங்களில் 33 கடைகளில் வாங்கிய மில்க்வீடைச் சோதித்த ஆய்வில் மருந்து இல்லாத செடி ஒன்றுகூட இல்லை, சராசரியாக ஒரு செடிக்குப் பன்னிரண்டு வகை. புழுவுக்கு விருந்து என்று வாங்கி வைத்தது விஷம். விதையிலிருந்து வளர்ப்பது நல்லது. அதற்கும் ஒரு பக்குவம் உண்டு: பெரும்பாலான வகைகளின் விதை ஒரு குளிர்காலம் பார்க்காமல் முளைக்காது, ஈரமணலில் கலந்து ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வைத்தெடுக்க வேண்டும், முளைத்தாலும் முதல் வருடம் பூக்காமல் போகலாம். இல்லையென்றால் இலையுதிர் காலத்தில் மண்ணில் தூவிவிட்டுப் பேசாமல் இருக்கலாம், பனி பார்த்துக்கொள்ளும்.

4. கடைசிப் பருவப் பூ. கோல்டன்ராட், ஆஸ்டர் மாதிரி இலையுதிர் காலத்தில் பூப்பவை. டெக்சாஸ் வழியாகப் போகும்போது குடிக்கும் தேனில் சேரும் கொழுப்பை வைத்துத்தான் நாலு மாதக் குளிரைக் கழிக்க வேண்டும்.

புழுவை வீட்டில் வளர்த்து விடலாமா?

காட்டில் நூறு முட்டையில் பத்துக்கூடப் பட்டாம்பூச்சி ஆவதில்லை, வலைக்கூண்டில் வளர்த்தால் தொண்ணூறு ஆகும். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஒன்றிரண்டைக் குழந்தைகளுக்குக் காட்ட வளர்ப்பதில் யாரும் குறை சொல்லவில்லை. நூற்றுக்கணக்கில் வளர்த்து விடுவதைத்தான் பெரும்பாலான ஆய்வாளர்களும் செர்செஸ் போன்ற அமைப்புகளும் வேண்டாம் என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அனுமதியில்லாமல் செய்தால் சட்டப்படியே தவறு.

காரணம், ஒரே கூண்டில் நெருக்கமாக வளர்த்தால் ஒட்டுண்ணி வேகமாகப் பரவும். காட்டில் செத்திருக்க வேண்டிய நோஞ்சான்களும் பிழைத்துக் கூட்டத்தில் கலக்கும். மூன்றாவது விஷயம் பயணத்தையே தொடுகிறது: வியாபாரத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பூச்சிகளுக்குத் தெற்கே திரும்பும் உணர்வே இல்லை என்று 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது; காட்டுப் பூச்சியின் முட்டையை வீட்டுக்குள் வளர்த்தபோதும் திசை தடுமாறியது. இரண்டு வருடம் கழித்துக் கனடாவில் சிறு ரேடியோ கருவி கட்டி விட்டுப் பார்த்ததில், வீட்டுக்குள் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை வெளியே பறக்கத் தொடங்கியதும் திசையைச் சரிசெய்துகொண்டன. ஆக முழுத் தோல்வி என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கூண்டுக்குச் செலவிடும் நேரத்தை ஒரு பாத்திக்குச் செலவிட்டால் அது அடுத்த வருடமும் இருக்கும்.

சட்டம் வந்தால் என்ன மாறும்?

கனடா 2023 டிசம்பரில் மொனார்க்கை அருகிய இனமாக அறிவித்தது. அமெரிக்காவில் 2014-லேயே மனு கொடுத்தார்கள். 2020-ல் 'தகுதி இருக்கிறது, ஆனால் முன்னுரிமை வேறு இனங்களுக்கு' என்று தள்ளிப்போட்டார்கள். 2024 டிசம்பரில்தான் 'அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்' என்று சேர்க்க முன்மொழிந்தார்கள். முன்மொழிவு என்பது அமலுக்கு வந்த சட்டம் இல்லை, இதைப் பல செய்திகள் கலந்து எழுதுகின்றன. அதில் வீட்டுத் தோட்டத்துக்கும் வழக்கமான விவசாய வேலைகளில் பலவற்றுக்கும் விலக்கு இருக்கிறது. மில்க்வீட் வைத்ததற்காக யாரும் வந்து பிடிக்கப் போவதில்லை.

கூடவே 4,395 ஏக்கரை முக்கிய வாழிடமாகக் குறித்தார்கள். அத்தனையும் கலிஃபோர்னியக் கடலோரத் தோப்புகள். தனியார் நிலமாக இருந்தாலும், மத்திய அரசின் அனுமதியோ பணமோ தேவைப்படும் வேலை அங்கே நடந்தால்தான் இந்தக் குறிப்பு குறுக்கே வரும்; தன் பணத்தில் தன் மரத்தை வெட்டுபவரை இது மட்டும் வைத்துத் தடுக்க முடியாது. பசிபிக் குரோவ்காரர்கள் 1990-லேயே கூடுதல் வரிக்கு வாக்களித்துத் தங்கள் ஊர்த் தோப்பை விலைக்கே வாங்கிப்போட்டார்கள். கிழக்குக் கூட்டம் தங்கும் மலையோ மெக்சிகோவில் இருக்கிறது, வாஷிங்டனில் எந்தப் பட்டியலில் சேர்த்தாலும் அங்கே ஒரு மரத்துக்கும் அது செல்லாது. அங்கே சபைகளுக்கு நிதியத்திலிருந்து போகும் பணமும் இரவுக் காவலும்தான் இருக்கின்றன.